கேட் (CAD, கணினி வழி வரைதல்) டிராயிங்கில் டைமன்ஷன் போடுவது: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

நான் தனியாக அளவு போட்டு வெளியே அனுப்பிய முதல் டிராயிங் ஒரு சாதாரணத் தகடு. நீளம் 120 மி.மீ. என்று வரைந்திருந்தேன். அனுப்பப் போகிற நேரத்தில், நீளம் 125 வேண்டும் என்றார்கள். கோட்டை இழுத்தால் துளைகளையும் நகர்த்த வேண்டும், நேரமில்லை. டைமன்ஷன் (அளவுக் குறிப்பு) மீது இரட்டை கிளிக் செய்து 120-ஐ அழித்துவிட்டு 125 என்று தட்டினேன். தாளில் பார்க்க எல்லாம் சரியாகத்தான் இருந்தது. தகடுகள் வெட்டி வந்தன. அத்தனையும் 120. லேசர் மெஷின் எண்ணைப் படிப்பதில்லை, கோட்டைத்தான் படிக்கிறது. 40 தகடுகள் பழைய இரும்புக்குப் போயின.

அதோடு நான் திருந்தியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே இருந்திருக்காது. அதற்குப் பிறகும் கமாவால் ஒரு தப்பு, அங்குலத்தால் ஒரு தப்பு, ஸ்கேலால் ஒரு தப்பு என்று வரிசையாகச் செய்தேன். வரையக் கற்றுக்கொடுப்பவர்கள் டைமன்ஷனுக்கு அரை மணி நேரம்தான் ஒதுக்குகிறார்கள். வேலைக்கு வந்தால் பாதி நாள் அதிலேதான் போகிறது. நீங்களாவது தகடு வீணாக்காமல் கற்றுக்கொள்ளுங்கள்.

எடுத்துக்காட்டுகளுக்கு ஆட்டோகேட் கட்டளைகளைச் சொல்கிறேன், எனக்குப் பழக்கம் அதுதான். வேறு மென்பொருளில் பொத்தானின் பெயர் மாறும், வேலை பெரும்பாலும் இதேதான்.

1. மவுஸைத் தொடுமுன் சேர்த்துக்கொள்ள வேண்டியவை

முதலில், இந்தப் பாகம் எதோடு சேர்கிறது என்று தெரிய வேண்டும். அது உட்காரும் பாகத்தின் டிராயிங்கைக் கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் போடும் அளவெல்லாம் ஊகம்தான்.

இரண்டாவது, நிறுவனத்தின் டெம்ப்ளேட் கோப்பு. டைட்டில் பிளாக் (தாளில் விவரங்களை எழுதும் கட்டம்), லேயர் (வரைபடத்தின் அடுக்கு), எழுத்து அளவு எல்லாம் அதிலேயே இருக்கும். டெம்ப்ளேட் இல்லை என்றால், ஏற்கெனவே ஒப்புதல் வாங்கிய பழைய டிராயிங் ஒன்றை அச்செடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் கற்றுக்கொண்டதில் பாதி அப்படி ஒரு தாளைப் பார்த்துத்தான்.

மூன்றாவது, எந்தத் தரநிலை என்ற தெளிவு. அளவு காட்டுவதற்கு சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 129-1 ஒரு பக்கம், அமெரிக்கத் தரநிலையான ஏஎஸ்எம்இ ஒய்14.5 இன்னொரு பக்கம். இரண்டிலும் எழுத்து நிற்கும் திசை, டாலரன்ஸை (அளவு எவ்வளவு வரை தவறலாம் என்ற வரம்பை) படிக்கும் விதம் எனப் பல விஷயங்கள் வேறுபடும். ஒரே தாளில் இரண்டையும் கலக்காதீர்கள். இந்த ஆவணங்கள் விலைக்குத்தான் கிடைக்கும், ஆனால் சொந்தக் காசில் வாங்க வேண்டியதில்லை. அலுவலகத்தில் பெரும்பாலும் ஒரு பிரதி இருக்கும், கேளுங்கள்.

மென்பொருளுக்கான செலவையும் சொல்லிவிடுகிறேன். ஆட்டோகேட் சந்தா கட்டிப் பயன்படுத்துவது. மாணவராக இருந்தால் கல்வி உரிமம் இலவசம், ஆனால் அதை வைத்துச் சம்பாதிக்கும் வேலை செய்யக் கூடாது. பழகுவதற்கு லிப்ரேகேட், ஃப்ரீகேட் இரண்டும் இலவசம். டைமன்ஷன் போடும் அறிவை வளர்த்துக்கொள்ள அவையே போதும்.

2. அலகைச் சரிபார்ப்பது

இரண்டு நிமிட வேலை. இதைத் தாண்டிப் போனால் இரண்டு நாள் போகும்.

ஆட்டோகேட்டில் புதுக் கோப்பு திறக்கும்போது ஏகேட்ஐஎஸ்ஓ என்ற டெம்ப்ளேட் மில்லிமீட்டருக்கு, வெறும் ஏகேட் என்பது அங்குலத்துக்கு. பெயர் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருப்பதால் அவசரத்தில் மாறிவிடும். மாறினால் டைமன்ஷன் எழுத்து புள்ளியளவு சின்னதாகத் தெரியும். அப்போது எழுத்தைப் பெரிதாக்கிச் சரிசெய்யத் தோன்றும். செய்யாதீர்கள், டெம்ப்ளேட்டையே மாற்றுங்கள்.

வேறொருவர் கொடுத்த கோப்பு என்றால் நிச்சயமாகத் தெரிந்த ஒரு அளவை டிஸ்ட் கட்டளையால் அளந்து பாருங்கள். 100 இருக்க வேண்டிய இடத்தில் 3.937 வந்தால் அது அங்குலம், 2540 வந்தால் யாரோ 25.4-ஆல் பெருக்கியிருக்கிறார்கள். டிஎக்ஸ்எஃப் (மென்பொருள்களுக்கு இடையே மாற்றிக்கொள்ளும் வரைபடக் கோப்பு வகை) கோப்புகளில் இது அடிக்கடி நடக்கும். கோப்பில் அலகு சரியாகக் குறிக்கப்படாமல் இருக்கலாம், திறக்கும் மென்பொருளும் தன் இஷ்டத்துக்கு ஒன்றை நினைத்துக்கொள்ளலாம். "அளவுகள் அனைத்தும் மி.மீ." என்று தாளில் எழுதுவதை யாரும் குறை சொல்லப்போவதில்லை.

3. டைமன்ஷன் ஸ்டைல்

ஒவ்வொரு டைமன்ஷனையும் தனித்தனியாகப் பிடித்து எழுத்தைப் பெரிதாக்கி, அம்பைச் சின்னதாக்கி வேலை பார்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நானும் அப்படித்தான் இருந்தேன். டிம்ஸ்டைல் என்று தட்டி, உங்களுக்கென்று ஒரு ஸ்டைல் ஒருமுறை உருவாக்கி டெம்ப்ளேட்டில் சேமித்துவிட்டால் அந்த வேலையே இல்லை. மெட்ரிக் டெம்ப்ளேட்டில் ஐஎஸ்ஓ-25 என்ற ஸ்டைல் தயாராக இருக்கும். அதையே திருத்தாமல், அதிலிருந்து புதிதாக ஒன்று உருவாக்கிப் பெயர் வையுங்கள். இல்லையென்றால் இன்னொருவரின் கோப்பை உங்கள் கோப்பில் ஒட்டும்போது, ஒரே பெயரில் இரண்டு அமைப்பு மோதி, வருகிற டைமன்ஷன்களின் தோற்றம் மாறிவிடும்.

எழுத்து உயரம்: ஐஎஸ்ஓ-25-இல் 2.5 மி.மீ. ஏ3, ஏ4 தாளுக்குச் சரி. ஏ1 தாள் என்றால் 3.5 வையுங்கள். இங்கே ஒரு சிக்கல் உண்டு. ஸ்டைலில் உயரத்தை மாற்றியும் எழுத்து மாறவில்லை என்றால், டெக்ஸ்ட் ஸ்டைலில் யாரோ ஒரு நிலையான உயரம் கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். டெக்ஸ்ட் ஸ்டைலில் உயரம் 0 என்று இருந்தால்தான் டைமன்ஷன் ஸ்டைலின் பேச்சு எடுபடும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாலைப்பொழுது போனது.

கோடுகளுக்கு இடையிலான தூரம்: பேஸ்லைன் டைமன்ஷன்களை (ஒரே ஓரத்திலிருந்து அளப்பவற்றை) அடுக்கும்போது, ஐஎஸ்ஓ-25 தானாக வைக்கும் இடைவெளி 3.75 மி.மீ. எழுத்து 3.5 என்றால் மேல் கோடும் கீழ் எழுத்தும் ஒட்டிக்கொள்ளும். அதை 8 ஆக்குங்கள். பாகத்தின் ஓரத்திலிருந்து முதல் கோடு 10 மி.மீ. தள்ளி, அடுத்தடுத்தவை 8 மி.மீ. என்றால் தாள் மூச்சு விடும்.

தசமக் குறி: ஐஎஸ்ஓ-25 இயல்பாகக் கமாவைத்தான் போடும். 12.5 என்பது 12,5 என்று வரும். ஐஎஸ்ஓ வழக்கப்படி அது தப்பில்லை. ஆனால் புள்ளி பழகிய ஒருவர் 1,250 என்பதை ஆயிரத்து இருநூற்று ஐம்பது என்று படிப்பார். தாளைப் படிக்கப்போகிறவர் எதற்குப் பழகியவரோ அதை வையுங்கள்.

தசம இடங்கள்: தாளில் தெரிய இரண்டு இடம், தேவையற்ற கடைசிப் பூஜ்யங்களை மறைப்பது என்பதே போதும். ஆனால் சரிபார்க்கும்போது மட்டும் நான்கு இடமாக மாற்றிப் பாருங்கள். 50 என்று தெரிந்தது 50.0031 என்று வந்தால், வரைந்தவர் எங்கோ ஸ்னாப் (முனை, மையம் போன்ற புள்ளிகளைச் சரியாகப் பிடிக்கும் வசதி) இல்லாமல் கண்ணளவில் கிளிக் செய்திருக்கிறார். மென்பொருள் அதைத் தோராயமாக்கி மறைத்து வைத்திருந்தது, அவ்வளவுதான். தசமமே இல்லாமல் வைத்தால் இன்னும் மோசம். 32.5 என்ற நீளம் 33 என்று அச்சாகிவிடும், யார் கண்ணிலும் படாது.

அம்பு: இயந்திரப் பாகங்களுக்கு நிரப்பிய அம்பு, கட்டட வரைபடங்களுக்குச் சாய்ந்த சிறு கோடு. கட்டட வேலை என்றால் வெளிப்புறம் மூன்று வரிசை வைப்பது வழக்கம்: வெளியே மொத்த நீளம், நடுவில் தூண்களின் மையங்கள், உள்ளே கதவு ஜன்னல் திறப்புகள். அளவு பூச்சுக்கு முன்னா, பின்னா என்று குறிப்பில் எழுத மறக்க வேண்டாம்.

கடைசியாக, டைமன்ஷனுக்குத் தனி லேயர். டைமன்ஷன் போட்டதுமே டெஃப்பாயின்ட்ஸ் என்று ஒரு லேயர் தானாக முளைக்கும். அது அளவுப் புள்ளிகளை வைத்துக்கொள்ள மென்பொருள் தானே உருவாக்குவது, அச்சில் வராது. அதில் தெரியாமல் எதையாவது வரைந்துவிட்டு, "திரையில் தெரிகிறது, தாளில் காணோம்" என்று திண்டாடாதவர்கள் குறைவு.

4. ஸ்கேல்

பாகத்தை எப்போதும் உள்ளபடியே, 1:1-இல் வரையுங்கள். 3 மீட்டர் தண்டு என்றால் 3000 மி.மீ. கோடு. தாளுக்குத் தக்கபடி சுருக்குவது, லேஅவுட்டில் (அச்சுத் தாளைக் காட்டும் பக்கத்தில்) இருக்கும் வியூபோர்ட்டின் (வரைந்ததைக் காட்டும் சாளரத்தின்) வேலை.

டைமன்ஷனை எங்கே போடுவது என்பதற்கு மூன்று வழி உண்டு. லேஅவுட்டில் நேராகப் போடலாம். மாடலில் (பாகத்தை 1:1-இல் வரையும் இடத்தில்) அனோடேட்டிவ் முறையில் (தாளின் ஸ்கேலுக்குத் தக்கபடி எழுத்து தானாக அளவு மாறும் முறையில்) போடலாம். அல்லது மாடலில் போட்டு, ஸ்டைலின் மொத்த ஸ்கேலை மாற்றலாம். மூன்றாவதில் 1:10 தாளுக்கு 3.5 எழுத்து வேண்டும் என்றால் மொத்த ஸ்கேல் 10 என்று வைக்க வேண்டும், மாடலில் எழுத்து 35 மி.மீ. உயரத்தில் நிற்கும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது முதல் வழி. எழுத்து அளவு தாளில் எப்படியோ அப்படியே கண்ணுக்குத் தெரியும், கணக்கு இல்லை. எதை எடுத்தாலும் ஒரு கோப்பில் ஒன்றையே எடுங்கள்.

லேஅவுட்டில் போடுவதாக இருந்தால் இரண்டு எச்சரிக்கை. வியூபோர்ட்டின் ஸ்கேலை வைத்ததும் பூட்டிவிடுங்கள், மவுஸ் சக்கரம் ஒருமுறை உருண்டால் ஸ்கேல் கெட்டுவிடும். அப்புறம், டிம்அசோக் என்ற அமைப்பு மாறி (மென்பொருள் அமைப்பின் மதிப்பு) 2 என்று இருக்கிறதா பாருங்கள். 2 என்றால் டைமன்ஷன் பாகத்தோடு ஒட்டியிருக்கும், 1 என்றால் ஒட்டாது, 0 என்றால் வெறும் கோடும் எழுத்துமாகச் சிதறிவிடும். வியூபோர்ட்டை நகர்த்தியபின் டைமன்ஷன்கள் இடம் மாறி நின்றால் பதறாமல் டிம்ரீஜென் கொடுங்கள், திரும்பி வந்து ஒட்டிக்கொள்ளும்.

சின்னப் பகுதியைப் பெரிதாக்கிக் காட்ட வேண்டுமா? அதைப் பிரதியெடுத்து ஸ்கேல் கட்டளையால் இரண்டு மடங்காக்காதீர்கள். 6 மி.மீ. பள்ளம் 12 என்று காட்டும். டிம்எல்ஃபேக் மாறியை 0.5 என்று வைத்துச் சமாளிக்கலாம்தான், ஆனால் அடுத்து அந்தக் கோப்பைத் திறப்பவருக்கு அது தெரியாது. 2:1-இல் இன்னொரு வியூபோர்ட் வைப்பதே நல்ல வழி.

5. எங்கிருந்து அளப்பது

மேலே சொன்னதெல்லாம் பொத்தான் வேலை. ஒரு மாதத்தில் பழகிவிடும். உண்மையான வேலை இங்கேதான் இருக்கிறது, எந்த மென்பொருளும் இதை உங்களுக்காகச் செய்யாது.

ஒரு தகட்டை எடுத்துக்கொள்வோம். நீளம் 160. ஒரே வரிசையில் 5 துளைகள். இடது ஓரத்திலிருந்து முதல் துளை 20, அடுத்தடுத்த துளைகளுக்கு இடையே 30. டிம்கன்டினியூ கட்டளையைத் தட்டி வரிசையாகக் கிளிக் செய்தால் 20, 30, 30, 30, 30, 20 என்று சங்கிலி போல வந்துவிடும். பார்க்க அழகாக இருக்கும், எல்லாரும் முதலில் செய்வது இதுதான்.

இப்போது ஒவ்வொரு அளவிலும் ±0.1 வரை தவறலாம் என்று வையுங்கள். இடது ஓரத்திலிருந்து ஐந்தாவது துளைக்குப் போக ஐந்து அளவுகளைக் கடக்க வேண்டும். ஐந்தும் ஒரே பக்கமாகத் தவறினால் அந்தத் துளை 0.5 மி.மீ. தள்ளி நிற்கும். தாளில் எந்த அளவும் மீறப்படவில்லை, ஆனால் போல்ட் நுழையாது. செய்து கொடுத்தவரைத் திட்டவும் முடியாது.

அதையே ஒரே ஓரத்திலிருந்து 20, 50, 80, 110, 140 என்று டிம்பேஸ்லைனால் போட்டால் எந்தத் துளையும் ஓரத்திலிருந்து 0.1-க்கு மேல் தள்ளிப்போகாது. சரி, எப்போதும் பேஸ்லைன்தானா என்றால், அதுவும் இல்லை. இதில் பக்கத்துப் பக்கத்துத் துளைகளுக்கு இடையே 0.2 வரை தவறலாம். துளைகள் ஐந்தும் இன்னொரு பாகத்தின் ஐந்து போல்ட்டுகளோடு சேர வேண்டும், ஓரம் எங்கே இருந்தாலும் கவலையில்லை என்றால், முதல் துளையை மட்டும் ஓரத்திலிருந்து காட்டிவிட்டு மற்ற நான்கையும் முதல் துளையிலிருந்து காட்டுங்கள். எதோடு சேர்கிறது என்று முதல் படியிலேயே கேட்கச் சொன்னது இதற்காகத்தான்.

அந்தச் சங்கிலியில் இன்னொரு கோளாறும் இருக்கிறது. ஆறு அளவுகளின் கூட்டல் 160. மொத்த நீளம் 160 என்றும் தனியாகப் போட்டுவிட்டால், ஒரே விஷயத்தை இரண்டு விதமாகச் சொல்லியாகிவிட்டது. இரண்டும் முரண்படும்போது எதைக் கேட்பது? ஒன்றை எடுத்துவிடுங்கள். தகவலுக்காக வேண்டுமென்றால் அடைப்புக்குறிக்குள் போடுங்கள், (20) என்று. அடைப்புக்குறியில் இருப்பது பார்த்துக்கொள்ள மட்டும், அதை வைத்துப் பாகத்தைத் தள்ளுபடி செய்யக் கூடாது.

அளவு தொடங்கும் முகத்தைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஒரு வழக்கம் உண்டு. இந்தப் பாகத்தை மெஷினில் எந்த முகத்தை வைத்துப் பிடிப்பார்கள், வெர்னியரின் தாடையை எங்கே வைப்பார்கள் என்று கண்ணை மூடி நினைத்துப் பார்ப்பேன். வெர்னியர் வைக்கவே முடியாத இடத்திலிருந்து, உதாரணமாக உருண்டையான மூலையில் இரு கோடுகள் கற்பனையில் சந்திக்கும் புள்ளியிலிருந்து, அளவு போட்டிருந்தால் மாற்றிவிடுவேன். புதிதில் இந்த யோசனைக்கே 15 நிமிடம் ஒதுக்குங்கள். அச்செடுத்த தாளில் பென்சிலால் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் திரைக்கு வர வேண்டும்.

இருபது, முப்பது துளைகள் குவிந்திருந்தால் பேஸ்லைன் கோடுகளே தாளை நிரப்பிவிடும். அப்போது டிம்ஆர்டினேட் கைகொடுக்கும். டைமன்ஷன் கோடு, அம்பு எதுவும் இல்லாமல் ஒரு மூலையிலிருந்து எக்ஸ், ஒய் தூரத்தை மட்டும் காட்டும். ஆனால் முதலில் யூசிஎஸ் (எக்ஸ், ஒய் அளவுகளுக்கான ஆய அமைப்பு) மூலப்புள்ளியை அந்த மூலைக்கு நகர்த்த வேண்டும். மறந்தால் 1043.7, 2210.4 என்று எங்கிருந்தோ அளந்த எண்கள் வந்து நிற்கும்.

6. போடும் வரிசை

முதலில் ஆப்ஜெக்ட் ஸ்னாப். முனை, மையம், வெட்டும் இடம் மூன்றும் இருக்கட்டும். நியரஸ்ட் என்பதை அணைத்துவிடுங்கள். அது கோட்டின் மேல் எந்த இடத்தையும் பிடித்துக்கொள்ளும், 30 இருக்க வேண்டியது 29.86 என்று வருவது பெரும்பாலும் அதன் கைங்கரியம்தான்.

நேர்க்கோடுகளுக்கு டிம்லீனியர், சாய்ந்த கோட்டின் உண்மையான நீளத்துக்கு டிம்அலைன்டு. சாய்ந்த கோட்டில் லீனியரைப் போட்டால் கிடைமட்ட அல்லது செங்குத்துத் தூரம்தான் வரும், அது கோட்டின் நீளம் ஆகாது.

சின்ன அளவுகளைப் பாகத்துக்குப் பக்கத்திலும் பெரியவற்றை வெளியிலும் வையுங்கள். மாற்றி வைத்தால் கோடுகள் ஒன்றையொன்று வெட்டும். டைமன்ஷன்களைப் பாகத்துக்கு வெளியே வையுங்கள், வேறு வழியே இல்லை என்றால் மட்டும் உள்ளே. மறைந்திருக்கும் விளிம்புகளைக் காட்டும், விட்டு விட்டு வரும் கோடுகளுக்கு அளவு போடாதீர்கள், வெட்டுத் தோற்றம் எடுத்து அதில் போடுங்கள். ஒரு அளவு ஒரு இடத்தில்தான். முன் தோற்றத்தில் போட்டுவிட்டு மேல் தோற்றத்திலும் போட்டால், திருத்தம் வரும்போது ஒன்று மட்டும் மாறும்.

கோணலாக நிற்கும் வரிசைகளை டிம்ஸ்பேஸ் ஒரே அடியில் சீராக்கிவிடும். கையால் இழுத்து நேரத்தை வீணாக்காதீர்கள்.

முப்பரிமாண மாடலிலிருந்து டிராயிங் எடுக்கும் மென்பொருளில் மாடலின் அளவுகளை எல்லாம் தானாகக் கொண்டுவரும் வசதி இருக்கும். ஒருமுறை அழுத்திப் பாருங்கள், அப்புறம் அன்டூ செய்யுங்கள். நீங்கள் மாடலை எப்படி வரைந்தீர்களோ அந்த அளவுகள்தான் வரும். பாகத்தைச் செய்பவருக்கு வேண்டியவை அவையாக இருப்பது அபூர்வம்.

7. துளை, மரை, மூலை

துளைக்கு மூன்று விஷயம் வேண்டும்: மையம் எங்கே, விட்டம் எவ்வளவு, எவ்வளவு ஆழம். மையத்தை வைத்து இடத்தைக் காட்டுங்கள், துளையின் விளிம்பை வைத்து வேண்டாம். முழு வட்டத்துக்கு விட்டம், பாதி வட்டத்துக்கும் குறைந்த வளைவுக்கு ஆரம். ஒரே மாதிரி நான்கு துளை இருந்தால் ஒன்றில் மட்டும் 4× ⌀9 என்று எழுதினால் போதும். விட்டக் குறிக்கு இரண்டு சதவீதக் குறிகளைத் தட்டி ஆங்கில எழுத்து சி போடுங்கள், பாகைக்கு டி, கூட்டல் கழித்தலுக்கு பி. துளைகள் வட்டமாகச் சுற்றி இருந்தால், மையங்கள் வழியே போகும் வட்டத்தின் விட்டத்தையும் எத்தனை துளை என்பதையும் கொடுத்தால் போதும், ஒவ்வொன்றுக்கும் எக்ஸ், ஒய் வேண்டாம்.

மரைத் துளையில் ஒரு பொறி இருக்கிறது. எம்8 சாதாரண மரைக்கு முதலில் 6.8 மி.மீ. துளை போடுவார்கள். டிராயிங்கில் அந்த 6.8 வட்டமும் இருக்கும். டைமன்ஷன் கட்டளை அந்த வட்டத்தைப் பிடித்து ⌀6.8 என்று எழுதிவிட்டால், மெஷினில் இருப்பவர் 6.8 துளை போட்டுவிட்டு நிறுத்திவிடுவார். மரையே இருக்காது. லீடர் (அம்புடன் சுட்டிக்காட்டும் கோடு) வைத்து எம்8 என்றும் மரையின் ஆழம் எவ்வளவு என்றும் எழுதுங்கள்.

மூலைகளில் சின்னச் சின்ன ஆரங்கள் நிறைய இருந்தால், "குறிப்பிடாத ஆரங்கள் 2 மி.மீ." என்று ஒரு குறிப்பு போதும். சாம்ஃபருக்கு (சாய்த்து வெட்டிய ஓரத்துக்கு) 2×45° என்று எழுதினால் முடிந்தது.

8. டாலரன்ஸ்: செலவு ஏறும் இடம்

டாலரன்ஸ் எழுதாத அளவு என்று எதுவும் இருக்கக் கூடாது. அதற்காக ஒவ்வொன்றிலும் ± போட வேண்டியதில்லை. டைட்டில் பிளாக்கில் ஐஎஸ்ஓ 2768-எம் என்று குறித்துவிட்டால், தனியாக எதுவும் சொல்லாத நீள அளவுகளுக்கு அந்தப் பட்டியல் பொருந்தும்: 6 மி.மீ.-க்கு மேல் 30 வரை ±0.2, 120 வரை ±0.3, 400 வரை ±0.5, 1000 வரை ±0.8. பழைய டெம்ப்ளேட்டுகளில் 2768-எம்கே என்று இருக்கும். அந்தக் 'கே' வடிவ டாலரன்ஸைச் சொல்லும், அதே தரநிலையின் இரண்டாம் பாகத்துக்கானது, அந்தப் பாகத்தின் இடத்தை 2021-இல் ஐஎஸ்ஓ 22081 எடுத்துக்கொண்டது. புது டிராயிங்கில் பழையதை அப்படியே நகலெடுக்கும் முன் மூத்தவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

பேரிங் உட்காருவது, பின் நுழைவது போன்ற இடங்களில் மட்டும் நெருக்கமான டாலரன்ஸ். ⌀25 எச்7 என்றால் துளை 25.000-க்கும் 25.021-க்கும் இடையே இருக்க வேண்டும். டிரில்லால் மட்டும் இது வராது, ரீமரோ போரிங்கோ (போட்ட துளையைத் துல்லியமாகப் பெரிதாக்கும் முறைகள்) தேவை, அளக்கவும் வேறு கருவி வேண்டும். பயத்தில் எல்லாத் துளைக்கும் எச்7 போட்டால் என்ன ஆகும்? பாகத்துக்கு விலை கேட்டு அனுப்பும்போது பதிலிலேயே தெரிந்துவிடும். ஆரம்பத்தில் நான் ஒரு மூடித் தகட்டின் வெளிச்சுற்றுக்கு ±0.02 போட்டேன், அது எதையும் தொடாத ஓரம். விலை சொன்னவர் போன் செய்து, "இதை எதில் வைத்து அளக்கப் போறீங்க?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

9. எண்ணை மட்டும் மாற்றும் ஆசை

முதலில் சொன்ன 125 கதைக்குத் திரும்புகிறேன். டைமன்ஷன் எழுத்தைத் திருத்தப் போகும்போது, மென்பொருள் அளந்த எண் தானாக மாறும் தனிப் பகுதியாக நிற்கும், பண்புகள் பலகையில் அதை < > என்ற குறியால் எழுதலாம். அதை அழிக்காமல் முன்னாலோ பின்னாலோ எழுதலாம்: 4× என்று முன்னால், "இரு பக்கமும்" என்று பின்னால். கோடு நீண்டால் எண்ணும் மாறும். அந்தக் குறியை அழித்து எண்ணைத் தட்டினால் அந்த நொடியிலிருந்து அது டைமன்ஷன் இல்லை, வெறும் எழுத்து.

அடுத்தவர் கோப்பு வந்தால் நான் செய்யும் முதல் வேலை, கியூசெலக்ட்டில் டெக்ஸ்ட் ஓவர்ரைடு பண்பை வைத்து, கையால் எண் தட்டிய டைமன்ஷன்களைத் தேடுவது. வெட்கப்படும் அளவுக்குக் கிடைக்கும். எக்ஸ்ப்ளோட் கட்டளையையும் டைமன்ஷன் பக்கம் கொண்டுபோகாதீர்கள், உடைந்த டைமன்ஷனை மறுபடி ஒட்ட முடியாது, புதிதாகத்தான் போட வேண்டும். ஒட்டு மட்டும் விட்டுப்போனவற்றுக்கு டிம்ரீஅசோசியேட் இருக்கிறது. அனோமானிட்டரை இயக்கி வைத்தால் ஒட்டில்லாத டைமன்ஷன்களின் மேல் மஞ்சள் நிறத்தில் ஓர் ஆச்சரியக்குறி வந்து காட்டிக்கொடுக்கும்.

10. அனுப்பும் முன்

தாளில் அச்செடுங்கள். திரையில் தெரியாதது தாளில் தெரியும். மஞ்சள் மார்க்கரை எடுத்துக்கொண்டு, நீங்களே பாகத்தைச் செய்வதாக நினைத்து ஒவ்வொரு விளிம்பாகப் போங்கள்: வெளிச்சுற்று, பிறகு துளைகள், பள்ளங்கள், கடைசியில் தடிமன். அளவு கிடைத்ததும் அதைப் பூசுங்கள். எங்காவது கால்குலேட்டரை எடுத்துக் கூட்டிக் கழிக்க வேண்டி வந்தால் ஒரு அளவு குறைகிறது. முடிவில் பூசாத எண் மிஞ்சியிருந்தால் ஒரு அளவு கூடுதல். தட்டையான பாகங்களில் நான் அதிகம் மறந்தது தடிமன்தான்.

டைட்டில் பிளாக்கில் பொருள், அலகு, பொது டாலரன்ஸ், ஸ்கேல், முதல் கோணமா மூன்றாம் கோணமா (தோற்றங்களைத் தாளில் அடுக்கும் முறை எது) என்ற குறி, திருத்த எண், தேதி எல்லாம் நிரம்பியிருக்கிறதா பாருங்கள். கோணக் குறி தப்பானால் பாகம் கண்ணாடியில் பார்த்ததுபோல் இடம் வலம் மாறி வரலாம்.

பிடிஎஃப் எடுத்தபின் அதை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். டிடபிள்யூஜி (ஆட்டோகேட்டின் சொந்தக் கோப்பு வகை) கோப்பாகவே அனுப்பினால், எழுத்துரு இல்லாத கணினியில் விட்டக் குறி கேள்விக்குறியாகவோ கட்டமாகவோ தெரியும். லேசருக்கு அனுப்பும் டிஎக்ஸ்எஃப்பில் வெட்ட வேண்டிய கோடுகள் மட்டும் இருக்கட்டும், டைமன்ஷனும் மையக் கோடும் வேண்டாம். அளவுகளுக்குப் பிடிஎஃப்பைக் கூடவே அனுப்புங்கள். இரண்டும் ஒரே திருத்த எண்ணில் இருக்க வேண்டும்.

ஏ3 தாளில் நடுத்தரமான ஒரு பாகத்துக்கு இப்போது எனக்கு ஆகும் நேரம்: யோசிக்க 10 நிமிடம், போட 25, சரிபார்க்க 15. முதல் சில மாதங்களில் இதைப்போல மூன்று மடங்கு ஆனது, உங்களுக்கும் ஆகலாம். அவசரப்படுத்தினால் போடும் நேரத்தைக் குறையுங்கள், சரிபார்க்கும் 15 நிமிடத்தைத் தொடாதீர்கள். முடிந்தால் போட்ட அன்றே சரிபார்க்காமல் மறுநாள் காலை பாருங்கள், அல்லது பக்கத்து மேஜைக்காரரிடம் கொடுத்துவிட்டு அவருடையதை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.

அனுப்பிய பிறகு திருத்தம் வந்தால், கோட்டை மாற்றுங்கள், எண் தானாக மாறட்டும். திருத்த எழுத்தை ஏ-யிலிருந்து பி ஆக்கி, மாறிய இடத்தைச் சுற்றி மேகக் கோடு போட்டு, எது எதுவாக மாறியது என்று திருத்தப் பட்டியலில் எழுதுங்கள்: "நீளம் 120 இருந்தது, 125 ஆனது" என்று. புதுப் பிடிஎஃப், புது டிஎக்ஸ்எஃப் இரண்டையும் அனுப்பிவிட்டு, பழைய தாளைக் கிழித்துப் போடும்படி போனிலும் ஒருமுறை சொல்லிவிடுங்கள். மெஷின் பக்கத்தில் ஒட்டி வைத்த பழைய தாள் மின்னஞ்சலைப் படிக்காது.